மாட்டேன் என்று சொன்ன ஒருத்தி

"நாற்பத்தெட்டு பேர்ல நாற்பத்தேழு பேர் 'வாங்குவேன்'னு சொல்லியிருக்காங்க. ஒருத்தி மட்டும் 'மாட்டேன்'னு சொல்லியிருக்கா. எனக்கு அவதான் வேணும்" என்றார் அண்ணி.

கையில் இருந்த டீயில் பாதியை நான் சட்டைக்குக் கொடுத்துவிட்டேன்.

அண்ணி என்றால் என் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. பன்னிரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம் பிடித்தவர். இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நான் அவருடைய உதவியாளன், டிரைவர், டீ மாஸ்டர். முப்பத்து நான்கு வயதில் நான்கு வேலைகளை விட்டவனுக்கு ஐந்தாவது வேலை கொடுக்க உலகத்தில் அவரைத் தவிர யாருக்கும் தைரியம் வரவில்லை.

"என்ன தம்பி, டீயைச் சட்டையில ஊத்திக்கிட்டே?"

"இன்னொரு கையில இருந்த போன் நழுவிடுச்சு அண்ணி. பழைய போன். புதுசு ஒண்ணு வாங்கிக் கொடுத்தீங்கன்னா..."

"இருக்கிறதைத் தொடச்சு வைக்கத் துப்பில்லை, இதுல புதுசு வேறயா? உட்காரு."

உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் எங்கள் கட்சிக்கார அம்மா இருந்தார். சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடமாகப் புள்ளிவிவரம் பார்ப்பவர். அலுவலகத்தில் அவருக்குச் 'சதவீதம்' என்று பட்டப்பெயராம். அதைச் சொல்லும்போது சிரிக்க முயன்று, முடியாமல் கைக்குட்டையை எடுத்தார். மடியில் கனமான ஃபைல்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் அண்ணி.

"ஒருத்தர் லேப்டாப்புக்கு வெளியே வைக்கிற கிராபிக்ஸ் பெட்டி தயாரிக்கிறார் மேடம். ஷூ டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே பெரிய கிராபிக்ஸ் கார்டு. கேபிளை மாட்டினா சாதாரண லேப்டாப்கூட பெரிய கேம் ஓட்டும், வீடியோ எடிட் பண்ணும். இதை எத்தனை பேர் வாங்குவாங்கன்னு சந்தையைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். கம்ப்யூட்டர் கடை வாசல்ல ஆளை நிறுத்தி எண்பது பேர்கிட்ட படிவம் நிரப்பி வாங்கினோம். பத்துக்கு ஏழு பேர் வாங்குவாங்கன்னு வந்துச்சு. அப்படியே எழுதிக் கொடுத்தேன். அவர் நம்பி ரெண்டாயிரம் பெட்டி செஞ்சுட்டார்."

"வித்தது?"

"முப்பத்தெட்டு."

வாய் சும்மா இருக்குமா என்னுடையது? "மீதியை ஷூ வைக்கக் கொடுத்துடலாமே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"உதிரிபாகம் விக்கிறவங்ககிட்ட நான் காசு வாங்கிட்டு அப்படி எழுதினேன்னு பெட்டிக்காரர் சொல்றார். இன்னைக்கு நாலு மணிக்கு எங்க ஆபீஸ்ல மீட்டிங். வேலையை விட்டு அனுப்பறதோட நிக்க மாட்டாங்க மேடம். இந்தத் தொழில்ல இருக்கிற எல்லா கம்பெனிக்கும் கடிதம் போயிடும். அப்புறம் யாரும் என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க. பத்தொன்பது வருஷத்துல ஒரு நம்பரைக்கூட நான் மாத்தினதில்லை."

அவர் ஃபைலை மறுபடி திறந்தார். எண்பது படிவங்களின் முன்பக்க நகல்கள். கள ஆள்களை ஒரு ஒப்பந்தக்காரர் மூலம் எடுத்தார்களாம். ஆள்களின் பெயரெல்லாம் அந்த ஒப்பந்தக்காரர் எழுதி வைக்கவில்லை, ஒன்று, இரண்டு என்று நம்பர்தான். இப்போது அவரும் கடையைக் கட்டிவிட்டு எங்கோ போய்விட்டார். எண்பதில் நாற்பத்தெட்டு படிவங்கள் ஒரே ஆள் கொண்டுவந்தவை. மூலையில் வட்டம் போட்டு '7'.

"மத்த ஆளுங்க கொண்டுவந்ததுல முப்பத்திரண்டுக்கு ஒன்பதுதான் 'ஆம்'. ஏழாம் நம்பர்கிட்ட மட்டும் கொட்டிக் கிடக்கு" என்றார் அண்ணி. "உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

சதவீதம் தலையைக் குனிந்துகொண்டார். "வந்துச்சு மேடம். நாற்பத்தெட்டும் 'ஆம்'னு இருந்தா தூக்கிப் போட்டிருப்பேன். அந்த ஒரு 'மாட்டேன்' இருந்துச்சே. படிவத்தோட பின்பக்கம் ஏன் மாட்டேன்னு அவ காரணம் எழுதியிருந்தா. வார்த்தை ஞாபகம் இல்லை. ஆனா படிச்சப்போ, இது நிஜமா ஒரு பொம்பளை நின்னு பேசின பேச்சுன்னு தோணுச்சு. அதை நம்பித்தான் மீதியையும் நம்பினேன். தப்பு என்னோடதுதான்."

"மூலப் படிவம் எங்கே?"

"ஆபீஸ் ஆவண அறையில. என்னை உள்ளே விட மாட்டாங்க."

அண்ணி நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெயர் கேட்காத படிவம் அது. தொழில், ஆணா பெண்ணா, வயது, லேப்டாப் மாடல், 'வாங்குவீர்களா' அவ்வளவுதான். "பல் டாக்டர், அறுபத்தொண்ணு. நீச்சல் கோச், இருபத்தொன்பது. எடைமிஷின் ரிப்பேர், ஐம்பது. பல் டாக்டருக்கு எதுக்குத் தம்பி கேம்?"

"நாள் முழுக்க அடுத்தவன் வாயையே பார்த்தா போரடிக்காதா அண்ணி?"

அவர் எழுந்தார். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாக ஹாலுக்குப் போனார். திரும்பி வரக் கொஞ்சம் நேரம் ஆனது. அந்த நேரத்தில் நான் சதவீதத்தின் முகத்தைப் பார்க்காமல் இருக்க, சுவரில் இருந்த காலண்டரில் எல்லாத் தேதிகளையும் எண்ணி முடித்தேன்.

ஏனென்றால் ஏழாம் நம்பர் நான்தான்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், மூன்றாவது வேலைக்கும் நான்காவது வேலைக்கும் நடுவில், மூன்று நாள் கூலிக்குப் போன வேலை அது. முதல் நாள் யோக்கியமாகக் கடை வாசலில் நின்றேன். பதினோரு பேர் நின்று பதில் சொன்னார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மறுநாள் வீட்டிலேயே உட்கார்ந்து நாற்பத்தெட்டையும் நிரப்பிவிட்டேன். இடது கையில் பத்து, வலது கையில் பத்து, இங்க் மாற்றி இங்க் மாற்றி. அன்றைக்கு என்னைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன், வெட்கக்கேடு.

ஆனால் ஒரு விஷயம் சத்தியமாகப் புரியவில்லை. எல்லாவற்றிலும் 'ஆம்' போட்டதாகத்தான் எனக்கு நினைவு. அந்த 'மாட்டேன்' எங்கிருந்து வந்தது?

*

கம்ப்யூட்டர் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"வெயில்ல எதுக்கு அதை மாட்டிட்டே நிக்கிற?"

"ஜலதோஷம் அண்ணி."

"ஜலதோஷத்துக்கு ஹெல்மெட்டா? இது எந்த டாக்டர் சொன்னது, பல் டாக்டரா?"

வாசலில் காவலாளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி சர்வேயைப் பற்றிக் கேட்டதும் உடனே நினைவு வந்துவிட்டது அவருக்கு.

"ஆமாம்மா, ஒருத்தன் வந்தான். ஒரே ஒரு நாள்தான் நின்னான். வர்றவங்க போறவங்க எல்லாரையும் மறிச்சு வாய் ஓயாம பேசுவான். ரெண்டு தடவை விரட்டினேன். மறுநாள்லேர்ந்து ஆளையே காணோம்."

"ஒரு நாள்தானா? நல்லாத் தெரியுமா?"

"ஏம்மா, இந்த ஸ்டூலை விட்டு நான் எங்கே போகப் போறேன்?" அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி யாரு? குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே?"

அவரிடம் நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசாதவன் குரலை எப்படிக் கேட்டார் என்று கேட்கலாம். அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே. தும்மினேன்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். ரிப்பேர் மேஜையில் இருந்த மெக்கானிக் ஒரு லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணி ஏழாம் நம்பர் நகல்களை அவர் முன்னால் பரப்பினார்.

"இந்த மாடல்களைப் பாருங்க. இதுல எல்லாம் அந்தக் கிராபிக்ஸ் பெட்டியை மாட்ட முடியுமா?"

அவர் நான்கைந்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். "யாரும்மா இதை எழுதினது? எல்லாமே ஒரே பழைய மாடல், கடைசி நம்பரை மட்டும் மாத்தி மாத்திப் போட்டிருக்கான். பாதி மாடல் உலகத்துலயே கிடையாது. அந்தப் பெட்டி கேபிளுக்குன்னு வேகமான ஓட்டை ஒண்ணு வேணும். இந்த லேப்டாப்ல அந்த ஓட்டையே இல்லை. எங்கே மாட்டுவாங்க, காதுலயா?"

அந்தப் பழைய மாடல் எங்கள் வீட்டு லேப்டாப். அப்படி ஒரு ஓட்டை இருப்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது.

"அப்போ இந்தப் பெட்டி விக்கவே விக்காதா?" என்று கேட்டார் அண்ணி.

"அது ஒரு வேடிக்கையான சரக்கும்மா. ஓட்டை இல்லாத லேப்டாப் வச்சிருக்கிறவனுக்குத்தான் பெட்டி வேணும், அவனால மாட்ட முடியாது. கேம் ஆடணும்னு நினைக்கிறவன், பெட்டிக்கும் கார்டுக்கும் கொடுக்கிற காசுல கார்டு உள்ளேயே இருக்கிற லேப்டாப்பா பார்த்து வாங்கிடுவான். நடுவுல யாராவது இருப்பாங்க. நிச்சயமா இருப்பாங்க. ஆனா அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தானே சர்வே பண்றாங்க?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. வெளியே வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். 'அண்ணி, ஒரு விஷயம்' என்று ஆரம்பிக்கவும் செய்தேன்.

"சொல்லு" என்று நின்றார் அவர். ஸ்கூட்டரில் ஏறாமல், பையைத் தோளில் மாட்டியபடி நின்றார்.

"பெட்ரோல் போடணும்" என்றேன்.

"போடு" என்றார்.

*

மணி மூன்று. சந்தை ஆய்வு நிறுவனத்தின் ஆவண அறை. மேலாளரிடம் போனிலேயே அனுமதி வாங்கியிருந்தார் அண்ணி. ஜன்னல் இல்லாத அறை, கூரை வரை அட்டைப் பெட்டிகள், ஒரு டியூப் லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

"நீ அந்த வரிசையைப் பாரு. நான் இந்தப் பக்கம்" என்றார்.

ஐந்தே நிமிடத்தில் என் கைக்குத்தான் கிடைத்தது. ரப்பர் பாண்ட் போட்ட நாற்பத்தெட்டு இளஞ்சிவப்புப் படிவங்கள். மேலிருந்து எண்ணினேன். இருபத்தைந்தாவது படிவம். 'இன்சூரன்ஸ் அதிகாரி, பெண், 38. வாங்குவீர்களா? மாட்டேன்.'

திருப்பினேன். காரணம் எழுதும் இடத்தில் என் இடது கை எழுத்து கோணல் மாணலாக இருந்தது.

'இருக்கிற லேப்டாப்பையே ஒருத்தரும் தொடச்சு வைக்கிறதில்லை. இதுல இன்னொரு பெட்டி வேறயா?'

அடக் கடவுளே என்றாகிவிட்டது. அன்றைக்கு ஹாலில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினேன். எதிர்ச் சுவரில் அண்ணன் கல்யாண குரூப் போட்டோ மாட்டியிருக்கும். நாற்பத்தெட்டு பேருக்கு நான் எங்கே போவேன்? இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து எழுதிக்கொண்டே போனேன். பெரியப்பா பல் டாக்டர். சித்தி மகன் நீச்சல் கோச். பெரிய மாமா எடைமிஷின் ரிப்பேர். நடுவில் மணப்பெண் கோலத்தில் அண்ணி. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னால் 'ஆம்' போட முடியவில்லை போலிருக்கிறது. கை தானாக நிஜத்தை எழுதிவிட்டது.

படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது. மேல்மாடியில் ஒரு பெண்ணின் பிழைப்பு போகப் போகிறது. நான் காகிதத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

"கிடைச்சுதா?" என்று அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார் அண்ணி.

"ம்ஹும். கரப்பான்பூச்சிதான் கிடைச்சுது. அதுகிட்ட 'வாங்குவியா'ன்னு கேட்டேன். மாட்டேன்னுடுச்சு."

பிறகு அவர் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார்.

"பையில இருக்கிறதை எடு."

எடுத்தேன்.

அவர் அதைப் பிரித்துப் படித்தார். ஒரு தரம் சிரிப்பு வருவது போல இருந்தது, வரவில்லை.

"உங்க அண்ணன் இருபத்துநாலாவது படிவம். 'அக்கவுண்டன்ட், 41, ஆம்.' பக்கத்துல நான் மாட்டேன்னுட்டேன். ஒரே வீடு, ஒரே லேப்டாப். கடைசிப் படிவம், நாற்பத்தெட்டு. 'வேலை: தற்போது இல்லை.' போட்டோவுல வலது ஓரத்துல பாதி முகம் தெரிய நிக்கிறது யாரு?"

"எப்போ தெரியும் அண்ணி?"

"காலையில தண்ணி குடிக்கப் போனேனே, அப்போ. போட்டோ முன்னாடி நின்னு நகலை வச்சுச் சரிபார்த்தேன். பெரியப்பாலேர்ந்து உன் வரைக்கும் ஒருத்தர் மாறலை."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு அலைச்சல்? அந்தக் காவலாளி, மெக்கானிக்..."

"ஆதாரத்துக்கு அலையலைடா" என்றார். என்னை அவர் 'டா' போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "நீயா சொல்லுவேன்னு கூட்டிட்டுப் போனேன். வீட்டுல ஒரு தடவை. கடை வாசல்ல ஒரு தடவை. ஸ்கூட்டர்கிட்ட எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? பெட்ரோல்னே. இப்ப இங்கே கரப்பான்பூச்சி. ஒவ்வொரு தடவையும் ஜோக் அடிச்சுத் தப்பிச்சே. நானும் கூடவே சிரிச்சு சிரிச்சு உன்னை இப்படி ஆக்கிட்டேனோன்னு இருக்கு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"மேலே போய் நீங்களே சொல்லிடுங்க அண்ணி. நான் கீழேயே இருக்கேன்."

"நான் சொன்னா அது துப்பு. நீ சொன்னாத்தான் அந்த அம்மாவுக்குப் பேரு திரும்பி வரும். மணி நாலாகப் போகுது."

*

மேல்மாடி அறையில் மேலாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் தட்டச்சு செய்த கடிதம், கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஜன்னலோரம் பெட்டிக்காரர், ஐம்பது வயது, தூக்கம் கெட்ட கண். மேஜை மேல் அவருடைய பெட்டிகளில் ஒன்று கேபிள் தொங்க இருந்தது. ஓரத்தில் சதவீதம் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் உட்காரவில்லை. "ஏழாம் நம்பர் நான்தான்" என்றேன். அதற்குப் பிறகு எதுவும் நிற்கவில்லை. முதல் நாள், வெயில், வீடு, போட்டோ, இடது கை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஐந்து நிமிடம் ஜோக் இல்லாமல் பேசினேன்.

மேலாளர் கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்தார்.

பெட்டிக்காரர் எழுந்து என் அருகே வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "ரெண்டாயிரம் பெட்டி தம்பி" என்றார் மெதுவாக. "என் தங்கச்சி வீட்டு ஹால்லகூட அடுக்கி வச்சிருக்கேன். பசங்க பெட்டிக்கு நடுவுலதான் படுத்துத் தூங்குதுங்க." கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன். அந்த ரிப்போர்ட்ல 'விக்காது'ன்னு இருந்தாலும் நான் கேட்டிருப்பேனான்னு தெரியலை. 'விக்கும்'னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னுதான் ஆளைத் தேடினேன். இந்த அம்மா மேல பழி போட்டது என் தப்பு." அவர் சதவீதத்தின் பக்கம் திரும்பிக் கை கூப்பினார்.

சதவீதம் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் நாள் பதினோரு பேர்கிட்ட நிஜமா கேட்டேன்னீங்களே. அந்தப் படிவம் எங்கே?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்ம்மா."

"ஏன்?"

இதைச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "ஒன்பது பேர் 'மாட்டேன்'னுட்டாங்க. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தா, இவன் சரியா வேலை பார்க்கலைன்னு நினைப்பாங்களோன்னு... 'ஆம்' நிறைய இருந்தா நல்லா வேலை செஞ்சதா ஆகும்னு நினைச்சேன்."

"மீதி ரெண்டு பேர்?"

"ஒருத்தர் கட்டடத்துக்குப் பிளான் வரையறவர். இன்னொரு பொண்ணு வீடியோ எடிட் பண்றவ. ரெண்டு பேருக்கும் ஆபீஸ்ல மெல்லிசா ஒரு லேப்டாப் கொடுத்திருக்காங்களாம். அதை மாத்தவும் முடியாது, திறக்கவும் கூடாது. வீட்டுக்குப் போனா பெட்டியை மாட்டி வேலை பார்க்கலாம், ஆபீஸ்ல வாங்கிக் கொடுப்பாங்களான்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு கேபிள் எவ்வளவு நீளம்னுகூடக் கேட்டுச்சு."

பெட்டிக்காரர் மெதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கடை வாசலில் விற்க ரெண்டாயிரம் பெட்டி செய்தவர் அவர். யாரிடம் விற்க வேண்டும் என்பதை அந்த இரண்டு பேரும் என் கையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

"அந்தப் பதினொண்ணை மட்டும் கொடுத்திருந்தா போதுமே தம்பி" என்றார் சதவீதம். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விட்டுப்போன ஒன்றைச் சரிபார்ப்பவர் குரலில் சொன்னார். "மாடல் எழுதின கட்டத்தை நானும் பார்க்காம விட்டேன். ஒரு தரம் படிச்சிருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பேன்."

பிறகு ஃபைலுக்குள்ளிருந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். பேனாவையும் மூடி கழற்றி வைத்தார்.

"அந்தப் பதினோரு பேர் சொன்னதை ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதுங்க. ஞாபகம் இல்லைன்னா 'ஞாபகம் இல்லை'ன்னு எழுதுங்க. நல்லா வரணும்னு எதையும் சேர்க்காதீங்க."

"எழுதறேன்ம்மா."

அண்ணி கதவருகே நின்றிருந்தார். உதவிக்கு வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

படிவத்தின் மூலையில் 'கள ஆய்வாளர்' என்று ஒரு கட்டம். என் கை பழக்கத்தில் வட்டம் போட்டு ஏழு என்று எழுதிவிட்டது. சதவீதம் அதில் விரலை வைத்தார்.

"நம்பர் வேண்டாம்."

நான் ஏழை அடித்துவிட்டு, வலது கையால், பக்கத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன்.